நீக்கினால் நீங்குமா?

விண்டோஸ் கணினியில் 'அன்இன்ஸ்டால்' பொத்தானை அழுத்தும்போது, பெரும்பாலும் விண்டோஸ் எதையும் நீக்குவதில்லை. நீக்கப்பட வேண்டிய மென்பொருளையே கூப்பிட்டு, "நீயே போய்விடு" என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. செட்டிங்ஸில் நாம் பார்க்கும் மென்பொருள் பட்டியலும் விண்டோஸ் தேடித் தொகுத்ததல்ல. ஒவ்வொரு மென்பொருளும் உள்ளே வந்தபோது தன் பெயரைத் தானே அதில் எழுதிக்கொண்டது. பெயரோடு ஒரு கட்டளை வரியும் இருக்கும்: என்னை நீக்க இந்த நிரலை ஓட்டு. நாம் பொத்தானை அழுத்தினால் விண்டோஸ் அந்த வரியைப் படித்து அந்த நிரலை ஓட்டும். அவ்வளவுதான் அதன் பங்கு. அந்த நிரல் தன்னை எவ்வளவு சுத்தமாகத் துடைத்துக்கொண்டு வெளியேறும் என்பது அதை எழுதியவரின் திறமை, அக்கறை, சில சமயம் நோக்கத்தைப் பொறுத்தது.

புதுச்சேரி கோரிமேட்டில் ஜிப்மரைச் சுற்றி லேப்டாப் இல்லாத மாணவர் அறை இருக்காது. ஆய்வேடு எழுத ஒரு புள்ளியியல் மென்பொருள், மேற்கோள்களைத் தொகுக்க இன்னொன்று, ஸ்கேன் படம் பார்க்க மற்றொன்று, இவற்றோடு கேட்காமலே கூட வந்த இரண்டு. வேலை முடிந்ததும் நீக்குவார்கள். ஆனாலும் ஓரிரு வருடத்தில் "சிஸ்டம் ஸ்லோ ஆயிடுச்சு" என்ற பேச்சு வரும். சர்வீஸ் கடையில் கொடுத்தால் "ஃபார்மட் பண்ணிடலாம்" என்பார்கள். அதைத் தவிர்க்க நினைப்பவர் கேட்கும் கேள்வி: முழுசா நீக்குறதுக்கு எந்த டூல் நல்லது? இணையத்தில் பத்துப் பெயர்கள் கிடைக்கும். ஆனால் எது தங்குகிறது, ஏன் தங்குகிறது என்று தெரியாமல் அந்தப் பத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது.

தங்குவதில் வகைகள் உண்டு. அதைப் புரிந்துகொள்ள இந்த ஊரின் வரலாறே போதும். திண்டிவனம் சாலையில் புதுச்சேரி முடியும் இடம் கோரிமேடு. ஒரு காலத்தில் பிரெஞ்சு ஆட்சிப் பகுதிக்கே எல்லை. 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படி முழுமையாகக் கைமாறியதோ 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான். அதற்குப் பிறகும் எல்லாம் போய்விடவில்லை. காவலர் தலையில் சிவப்புத் தொப்பி இருந்தது, தெருக்களில் பிரெஞ்சுப் பெயர்கள் இருந்தன. இவற்றால் யாருக்கும் தொந்தரவில்லை. ஆனால் 1881ஆம் ஆண்டு ஆணைப்படி தம் மரபுச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்ற 'ரெனோன்சான்' குடும்பங்களின் நிலை வேறு. அவர்களின் வாரிசுரிமையில் அந்தச் சட்டம் தொடர்ந்து செல்லுபடியானது. அதைப் பிடுங்கினால் பல குடும்பங்களின் சொத்துக் கணக்கே ஆட்டம் கண்டுவிடும். ஆக, சும்மா கிடக்கும் எச்சம் ஒரு வகை, பிறர் சார்ந்து நிற்கும் எச்சம் இன்னொரு வகை. கணினியில் இந்த இரண்டும் உண்டு. அவற்றோடு மூன்றாவதாக, ஓசைப்படாமல் ஓடிக்கொண்டே இருக்கும் எச்சமும் உண்டு. டூலைத் தேர்ந்தெடுப்பது என்பது இந்த மூன்றையும் பிரித்தறியத் தெரிந்த ஒன்றைத் தேர்ந்தெடுப்பதுதான்.

எங்கெல்லாம் பரவுகிறது?

டாஸ் காலத்தில் இந்தப் பிரச்சினை ஏறக்குறைய இல்லை. ஒரு மென்பொருள் என்றால் ஒரு ஃபோல்டர். ஃபோல்டரை அழித்தால் மென்பொருளும் போயிற்று. 1992இல் வந்த விண்டோஸ் 3.1 'ரெஜிஸ்ட்ரி' என்ற பொதுப் பதிவேட்டை அறிமுகப்படுத்தியது. விண்டோஸ் 95 வந்தபோது அதுவே எல்லா மென்பொருள்களும் தம் அமைப்புகளை எழுதிவைக்கும் மையமானது. 'சேர்/நீக்கு' பட்டியல் கண்ட்ரோல் பேனலுக்கு வந்ததும் அந்தப் பதிப்பில்தான்.

இன்று சாதாரண மென்பொருள் ஒன்றை நிறுவினால் நிரல் கோப்புகள் 'ப்ரோகிராம் ஃபைல்ஸ்' ஃபோல்டருக்குப் போகும். எல்லாப் பயனர்களுக்கும் பொதுவான தரவு 'ப்ரோகிராம்டேட்டா'வில் சேரும். உங்களுக்கு மட்டுமான அமைப்புகள், தற்காலிகச் சேமிப்புகள் 'ஆப்டேட்டா' என்ற மறைவான ஃபோல்டரில் உட்காரும். ரெஜிஸ்ட்ரியில் பத்து முதல் பல ஆயிரம் பதிவுகள் விழலாம். கணினி தொடங்கும்போதே ஓட வேண்டிய 'சர்வீஸ்', குறித்த நேரத்தில் விழித்து அப்டேட் தேடும் பணி, வலது கிளிக் மெனுவில் ஒரு வரி, பிரவுசரில் ஒரு நீட்சி, ஃபயர்வாலில் ஒரு விதிவிலக்கு, சிலவற்றில் இயங்குதளத்தின் ஆழத்தில் வேலை செய்யும் டிரைவர். இவை அத்தனையும் ஒரே 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஃபினிஷ்' அழுத்தலில் நடந்து முடிகின்றன.

வெளியேறும்போது இவை அனைத்தும் நினைவிருக்க வேண்டும். நல்ல நிறுவிகள் அதற்காகவே ஒரு பதிவு எழுதிக்கொள்கின்றன. ஜோர்டன் ரஸ்ஸல் 1997இல் வெளியிட்ட 'இன்னோ செட்டப்' இன்றும் ஏராளமான இலவச மென்பொருள்களை நிறுவப் பயன்படுகிறது. அது நிறுவிய மென்பொருளின் ஃபோல்டரைத் திறந்து பார்த்தால் 'அன்இன்ஸ்000' என்ற பெயரில் இரண்டு கோப்புகள் தென்படும். ஒன்று நீக்கும் நிரல். இன்னொன்று, நிறுவியபோது எந்தக் கோப்பை எங்கே வைத்தேன், எந்தப் பதிவை எங்கே எழுதினேன் என்ற முழு விவரம். நீக்கும் நிரல் அந்த விவரத்தைக் கடைசி வரியிலிருந்து முதல் வரிக்குப் படித்துக்கொண்டே போய் ஒவ்வொன்றாகத் திரும்பப் பெறும். மைக்ரோசாஃப்ட் 1999இல் ஆஃபீஸ் 2000 உடன் கொண்டுவந்த 'விண்டோஸ் இன்ஸ்டாலர்' முறையில் இந்த விவரம் ஒரு தரவுத்தளமாகவே இருக்கும். அதன் நகல் விண்டோஸ் ஃபோல்டருக்குள் மறைவான 'இன்ஸ்டாலர்' ஃபோல்டரில் பத்திரமாக வைக்கப்படுகிறது. டிஸ்கில் இடம் போதவில்லை என்று அந்த ஃபோல்டரைக் காலி செய்பவர்கள் உண்டு. பிறகு அந்த மென்பொருள்களை நீக்கவும் முடியாது, புதுப்பிக்கவும் முடியாது.

வேறு சில நிறுவிகளில், எதை நீக்க வேண்டும் என்பதை நிரலாளரே கையால் எழுத வேண்டும். நிறுவும் பகுதியில் பத்து வேலைகள் எழுதியவர் நீக்கும் பகுதியில் ஏழை மட்டும் எழுதி நிறுத்திவிடுவது சகஜம். மென்பொருள் விற்பது உள்ளே நுழைவதை வைத்துத்தான். வெளியே போகும் வழிக்கு யாரும் நட்சத்திரம் கொடுப்பதில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. விண்டோஸில் ஓடிக்கொண்டிருக்கும் நிரல் தன் சொந்தக் கோப்பை அழிக்க முடியாது. அப்படியானால் நீக்கும் நிரல் தன்னையே எப்படி நீக்கிக்கொள்கிறது? முதலில் தன்னைத் தற்காலிக ஃபோல்டருக்குப் பிரதி எடுத்துக்கொள்கிறது. அந்தப் பிரதியை ஓட்டிவிட்டு அசல் இறந்துபோகிறது. பிரதி வந்து அசலை அழிக்கிறது. வேறு யாரோ திறந்து வைத்திருப்பதால் அழிக்க முடியாத கோப்புகளை, அடுத்த முறை கணினி விழிக்கும்போது அழிக்க வேண்டியவை என்று ரெஜிஸ்ட்ரியில் ஒரு பட்டியலாக எழுதிவைக்கிறது. "நீக்கம் முழுமையாக ரீஸ்டார்ட் செய்யவும்" என்ற செய்தியின் பொருள் இதுதான். அதை அலட்சியம் செய்துவிட்டு உடனே எச்சம் தேடும் டூலை ஓட்டுபவர், பாதியில் நிற்கும் வேலையைத்தான் எச்சம் என்று நினைத்துக்கொள்கிறார்.

குறைவாக நீக்குவதில் உள்ள நியாயம்

நீக்கும் நிரல்கள் கொஞ்சம் விட்டுவைப்பது எப்போதும் சோம்பலால் அல்ல. அதிகமாக நீக்கியவற்றின் கதைகள் இந்தத் துறையில் மறக்கப்படவில்லை. 1998 இறுதியில் பஞ்சி நிறுவனம் 'மித் 2' என்ற விளையாட்டை வெளியிடத் தயாரானது. சிடிக்கள் அச்சான பிறகு ஒரு குறை தெரியவந்தது. நீக்கும் நிரல், விளையாட்டு நிறுவப்பட்ட ஃபோல்டரை அப்படியே அழிக்கும்படி எழுதப்பட்டிருந்தது. யாராவது தனி ஃபோல்டர் இல்லாமல் டிரைவின் வேரிலேயே நிறுவியிருந்தால், விளையாட்டை நீக்கும்போது டிரைவில் உள்ள அத்தனையும் போய்விடும். அச்சான சிடிக்களை நிறுவனம் திரும்பப் பெற்றது. 2015 ஜனவரியில் லினக்ஸுக்கான 'ஸ்டீம்' மென்பொருளில் இதே வகைத் தவறு. ஃபோல்டரின் பெயர் கிடைக்காமல் வெறுமையாகப் போனால், அந்தக் கட்டளை பயனருக்குச் சொந்தமான எல்லாக் கோப்புகளையும் அழிக்கக் கிளம்பிவிடும். அந்த வரிக்கு மேலேயே 'பயமா இருக்கு' என்ற பொருளில் நிரலாளர் ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தார்.

பகிர்வுக் கோப்புகள் இன்னும் நுட்பமான சங்கடம். பல மென்பொருள்கள் ஒரே துணைக்கோப்பைப் பயன்படுத்தலாம். எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று ரெஜிஸ்ட்ரியில் ஓர் எண்ணிக்கை உண்டு. நுழைபவர் ஒன்றைக் கூட்ட வேண்டும், வெளியேறுபவர் ஒன்றைக் கழிக்க வேண்டும், பூஜ்யம் வந்தால் கோப்பை நீக்கலாம். ஒருவர் கூட்ட மறந்தால் கணக்கு கெடும். கெட்ட கணக்கை நம்பி அழித்தால் சம்பந்தமே இல்லாத வேறொரு மென்பொருள் திறக்க மறுக்கும். இதனால்தான் கவனமான நிரலாளர், சந்தேகம் வந்தால் விட்டுவிடு என்று எழுதுகிறார். உங்கள் ஆவணங்கள், விளையாட்டில் நீங்கள் எட்டிய நிலை, உங்கள் வார்ப்புருக்கள் ஆகியவற்றையும் வேண்டுமென்றே விட்டுவைக்கிறார்கள். மறுபடி நிறுவினால் தேவைப்படும் என்ற கரிசனம் அது. சோதனைப் பதிப்புகள் விட்டுச்செல்லும் குறி மட்டும் கரிசனத்தில் சேராது. நீக்கிவிட்டு மறுபடி நிறுவி இன்னும் சில நாள் இலவசமாக ஓட்டிவிடக் கூடாதே என்பதற்காக, எங்காவது ஒரு மூலையில் முதல் நாளின் தேதியை எழுதி வைத்துவிட்டுப் போகின்றன.

ஓடிக்கொண்டிருக்கும் எச்சம்

இறந்த எச்சத்தால் கணினி வேகம் குறைகிறது என்பது விளம்பரங்கள் வளர்த்த நம்பிக்கை. ரெஜிஸ்ட்ரியில் பல லட்சம் பதிவுகள் உள்ளன. விண்டோஸ் தனக்கு வேண்டியதை அதன் பாதையைக் கொண்டு நேராக எடுத்துக்கொள்ளும்; வேண்டாத சில நூறு பதிவுகள் மூலையில் கிடப்பதை அது திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ரெஜிஸ்ட்ரி துடைக்கும் மென்பொருள்களை ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்ட்டே தன் கொள்கையாக எழுதி வைத்திருக்கிறது. மைக்ரோசாஃப்ட் ஒரு காலத்தில் தானே தந்த 'விண்டோஸ் இன்ஸ்டாலர் க்ளீன்அப்' கருவி, சில சமயம் மற்ற மென்பொருள்களின் பகுதிகளையும் கெடுத்தது. அதனால் 2010இல் அது விலக்கப்பட்டது.

கவலைப்பட வேண்டியது உயிருள்ள எச்சத்தைப் பற்றி. 2005 அக்டோபர் 31 அன்று மார்க் ருசினோவிச் என்ற விண்டோஸ் வல்லுநர், தன் கணினியில் தனக்குத் தெரியாமல் ஏதோ ஒளிந்திருப்பதாக எழுதினார். சோனி பிஎம்ஜியின் இசை சிடி ஒன்றைக் கணினியில் போட்டதில் வந்தது அது. பாட்டைப் பிரதி எடுப்பதைத் தடுப்பதற்காக நிறுவப்பட்ட அந்த நிரல் இயங்குதளத்தின் அடியாழத்தில் புகுந்து, தன் கோப்புகளைக் கண்ணில் படாமல் மறைத்துக்கொண்டது. நீக்கும் வசதி எதையும் அது தரவில்லை. கையால் அதன் டிரைவரை அழித்தால் சிடி டிரைவே கணினியிலிருந்து மறைந்துபோகும். எதிர்ப்பு கிளம்பியதும் நீக்கும் கருவி ஒன்று இணையத்தில் தரப்பட்டது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் ஃபெல்டனும் அலெக்ஸ் ஹால்டர்மனும் அதை ஆராய்ந்தார்கள். அந்தக் கருவி கணினியில் விட்டுச்சென்ற துணைநிரல் வழியாக, எந்த இணையதளமும் அந்தக் கணினியில் தான் விரும்பிய நிரலை ஓட்டலாம் என்று தெரிந்தது. நோயைவிட மருந்து கொடியதாக இருந்தது.

பத்தாண்டு கழித்து லெனோவோ லேப்டாப்களில் முன்கூட்டியே நிறுவப்பட்டு வந்த 'சூப்பர்ஃபிஷ்' விவகாரம். விளம்பரம் காட்டுவதற்காகப் பிரவுசரின் மறைகுறியாக்கப்பட்ட இணைப்புகளுக்கு நடுவே அது நுழைந்துகொள்ளும். அதற்கென்று தன் சொந்தச் சான்றிதழை விண்டோஸின் நம்பிக்கைக்குரிய பட்டியலில் சேர்த்திருந்தது. மென்பொருளை முறைப்படி நீக்கினாலும் சான்றிதழ் அங்கேயே இருந்தது. ஒரே சாவி எல்லாக் கணினிகளுக்கும் பொது என்பதால், அந்தச் சாவியைப் பெற்ற யாரும் போலி வங்கித் தளத்தை அசல் போலக் காட்ட முடியும். 2015 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் தன் டிஃபெண்டர் மூலம் அதைத் துடைத்தது. 2019 ஜூலையில் மேக் கணினிகளில் 'ஜூம்' பற்றி இன்னொரு செய்தி. செயலியை நீக்கிய பிறகும் ஒரு சிறு சர்வர் பின்னணியில் ஓடிக்கொண்டிருந்தது. யாராவது கூட்ட இணைப்பை அழுத்தினால் உங்களைக் கேட்காமலே ஜூமை மறுபடி நிறுவிவிடும். ஆப்பிள் ஓசையில்லாத அப்டேட் ஒன்றால் அதை அகற்றியது.

இந்த மூன்று சம்பவங்களிலும் தங்கியவை சில கிலோபைட்டோ சில மெகாபைட்டோதான். எவ்வளவு இடத்தை மீட்டோம் என்று கட்டம் கட்டிக் காட்டும் டூல் இவற்றைப் பெரிதாக எண்ணாது.

டூல்களில் நான்கு ஜாதி

முதல் வகை, மென்பொருள் நுழைவதைக் கூடவே நின்று பார்ப்பவை. நிறுவுவதற்கு முன் ஒரு படம், பின் ஒரு படம் எடுத்து வித்தியாசத்தைக் கணக்கிடும். அல்லது நிறுவும்போதே ஒவ்வொரு மாற்றத்தையும் குறித்துக்கொள்ளும். 'ரெவோ அன்இன்ஸ்டாலர்' கட்டணப் பதிப்பில் இந்தக் கண்காணிப்பு உண்டு. நீக்குவதில் மிகத் துல்லியமானது இந்த வகைதான். ஆனால் டூல் முதலில் இருக்க வேண்டும், மென்பொருள் பிறகு வர வேண்டும். ஏற்கெனவே வந்துவிட்டதற்கு உதவாது.

இரண்டாம் வகை, ஊகிப்பவை. ரெவோவின் இலவசப் பதிப்பு, 'கீக் அன்இன்ஸ்டாலர்', திறந்த மூலமான 'பல்க் கிராப் அன்இன்ஸ்டாலர்' எல்லாம் முதலில் மென்பொருளின் சொந்த நீக்கியை ஓட்டும். பிறகு அதன் பெயர், தயாரிப்பாளர் பெயர், ஃபோல்டர் பாதை ஆகியவற்றை வைத்துக்கொண்டு ரெஜிஸ்ட்ரியிலும் டிஸ்கிலும் ஒத்துப்போகும் எச்சங்களைத் தேடும். இது புலனாய்வு வேலை. புலனாய்வில் அப்பாவி மாட்டுவதும் உண்டு. ஒரே நிறுவனத்தின் இரண்டு மென்பொருள்களில் ஒன்றை நீக்கும்போது, நிறுவனத்தின் பெயருள்ள பொது ஃபோல்டரையும் டூல் சுட்டிக்காட்டலாம். அதையும் டிக் செய்தால் இரண்டாவது மென்பொருள் படுத்துவிடும். நல்ல டூல் தான் கண்டெடுத்ததை எந்த அளவு நம்பலாம் என்று வகைபிரித்துக் காட்டும், அழிப்பதற்கு முன் மீட்புப் புள்ளி உருவாக்கும், எல்லாவற்றையும் தானாகவே டிக் செய்து வைக்காது. இரண்டு டூல்களுக்கு நடுவே தயங்குபவர், அதிகம் கண்டுபிடிப்பது எது என்று பார்க்க வேண்டாம். எது உங்களிடம் கேட்டுவிட்டுச் செய்கிறது என்று பாருங்கள்.

மூன்றாம் வகை, மென்பொருளைச் செய்தவர்களே தரும் தனி நீக்கி. வைரஸ் எதிர்ப்பு மென்பொருளுக்கு வேறு எதையும் நம்பக் கூடாது. ஒவ்வொரு கோப்பும் திறக்கப்படும் கணத்தில் குறுக்கே நின்று சோதிப்பதற்காக அது இயங்குதளத்தின் கருவுக்குள் வடிகட்டி டிரைவரைப் பொருத்துகிறது. வைரஸ்கள் தன்னை நீக்கிவிடாதபடி தற்காப்பும் வைத்திருக்கிறது. அந்தத் தற்காப்புக்கு வைரஸும் ஒன்றுதான், பொதுவான அன்இன்ஸ்டாலர் டூலும் ஒன்றுதான். பாதி பிடுங்கினால் கணினி தொடங்குவதே நின்றுபோகலாம். நார்ட்டன், மெக்காஃபி போன்றவை இதற்கென்றே தனிக் கருவி வைத்திருக்கின்றன. கணினியில் ஒளிந்திருக்கும் 'பாட்' வகை நச்சு நிரல்களை அகற்ற, மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2017 பிப்ரவரி 21 முதல் 'சைபர் ஸ்வச்சதா கேந்திரா' என்ற மையத்தை நடத்துகிறது. புனேவின் குவிக் ஹீல், சென்னையின் கே7 போன்ற இந்திய நிறுவனங்களின் கருவிகள் அதில் இலவசமாகக் கிடைக்கின்றன.

நான்காம் வகை, எல்லாவற்றையும் ஒரே அழுத்தில் சுத்தம் செய்வதாகச் சொல்பவை. இவற்றுக்கு நிர்வாகி உரிமை முழுவதையும் கொடுக்கிறோம் என்பதை மறக்கக் கூடாது. 2017 ஆகஸ்டில் வெளியான 'சிசிக்ளீனர்' 5.33 பதிப்பில், தயாரிப்பு இடத்திலேயே நுழைந்த தாக்குநர்கள் நச்சு நிரலைச் சேர்த்துவிட்டார்கள். சுமார் 22.7 லட்சம் கணினிகளில் அது ஓடியது. நிறுவனத்தின் டிஜிட்டல் கையொப்பம் உட்பட எல்லாம் முறைப்படிதான் இருந்தது. துடைப்பத்தின் உள்ளேயே அழுக்கு வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. ஆகவே எப்போதாவது தேவைப்படும் டூலைக் கணினியில் நிரந்தரமாகக் குடிவைக்காமல், நிறுவத் தேவையில்லாத போர்ட்டபிள் பதிப்பை அதன் சொந்தத் தளத்திலிருந்து எடுத்து, வேலை முடிந்ததும் அழித்துவிடுவது நல்லது. திருட்டுச் சாவியோடு வரும் 'ப்ரோ' பதிப்பின் பக்கம் போகவே வேண்டாம்.

வரிசை எளிது. முதலில் மென்பொருளுக்குள் போய் உங்கள் தரவை வெளியே எடுத்துக்கொள்ளுங்கள். உரிமம் கணினிக்குக் கணினி எண்ணப்படுமானால் 'டீஆக்டிவேட்' செய்யுங்கள், இல்லையென்றால் அடுத்த கணினியில் அது இயங்க மறுக்கும். மீட்புப் புள்ளி உருவாக்கி, மென்பொருளின் சொந்த நீக்கியை ஓட்டி, ரீஸ்டார்ட் செய்யுங்கள். அதன் பிறகே இரண்டாம் வகை டூல். தயாரிப்பின் முழுப்பெயர் தெளிவாக உள்ளவற்றை மட்டும் அழியுங்கள். கடைசியாக 'ஆட்டோரன்ஸ்' என்ற இலவசக் கருவியைத் திறந்து பாருங்கள். கணினி விழிக்கும்போது தானாக ஓடும் எல்லாவற்றையும் அது ஒரே இடத்தில் காட்டும்; போன மென்பொருளின் சர்வீஸோ டிரைவரோ இன்னும் பதிவாகியிருந்தால் அதில் தெரியும். சோனியின் ரகசியத்தை வெளிக்கொணர்ந்த அதே ருசினோவிச்சின் குழு செய்த கருவி. 2006இல் அவர் நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் வாங்கிக்கொண்டது.

நீக்கத் தேவையே வராத வடிவமைப்பு

தமிழக அரசு 2011இல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் பல மாணவர்களுக்கு விண்டோஸோடு 'பாஸ்' லினக்ஸும் கிடைத்தது. சி-டாக் உருவாக்கிய அந்த இயங்குதளம் டெபியனை அடிப்படையாகக் கொண்டது. டெபியனில் மென்பொருளை நிறுவுவதும் நீக்குவதும் மென்பொருளின் கையில் இல்லை. இயங்குதளத்தின் பொதி மேலாளர்தான் இரண்டையும் செய்கிறது. எந்தப் பொதி எந்தக் கோப்பைக் கொண்டுவந்தது, எது எதைச் சார்ந்திருக்கிறது என்ற முழு விவரமும் அதனிடம் இருக்கும். 'ரிமூவ்' என்றால் நிரலை எடுத்துவிட்டு அமைப்புகளை வைத்திருக்கும். 'பர்ஜ்' என்றால் அமைப்புகளையும் எடுத்துவிடும். 'ஆட்டோரிமூவ்' என்றால் இனி யாருக்கும் தேவையில்லாத துணைப்பொதிகளும் போய்விடும். மூன்றாமவர் டூல் என்ற ஒன்றுக்கே அங்கு வேலையில்லை. ஆனால் உங்கள் சொந்த ஃபோல்டரில் எழுதப்பட்டதை மட்டும் அதுவும் தொடாது.

ஆண்ட்ராய்டு இன்னும் ஒரு படி மேலே போனது. ஒவ்வொரு செயலியையும் அது தனித்தனிப் பயனராகவே நடத்துகிறது. செயலிக்கென்று ஒதுக்கிய இடத்தைத் தாண்டி அது எழுத முடியாது என்பதால், அந்த இடத்தை அழித்தால் செயலி சுத்தமாகப் போய்விடும். நீங்கள் பொதுச் சேமிப்பில் வைத்த படங்கள் மட்டும் மிஞ்சும். விண்டோஸும் இதைக் கற்றுக்கொண்டு வருகிறது. ஸ்டோர் செயலிகள் இந்த முறையில்தான் நீங்குகின்றன. 2019இல் வந்த 'விண்டோஸ் சாண்ட்பாக்ஸ்', ப்ரோ பதிப்பு உள்ளவர்களுக்குத் தற்காலிகமான ஒரு முழு விண்டோஸைத் திறந்து தருகிறது. சந்தேகமான மென்பொருளை அதில் நிறுவிப் பார்த்துவிட்டு ஜன்னலை மூடினால் எல்லாம் போய்விடும்.

அப்படியிருந்தும் ஃபோனுக்கு நீக்கும் செயலி ஒன்று இந்தியாவில் ஒரே மாதத்தில் பிரபலமானது. 2020 மே மாதம் ஜெய்ப்பூர் நிறுவனம் ஒன்று வெளியிட்ட 'ரிமூவ் சைனா ஆப்ஸ்', ஃபோனில் உள்ள சீனச் செயலிகளைப் பட்டியலிட்டு நீக்க உதவியது. 50 லட்சம் தடவைக்கு மேல் இறக்கப்பட்டது. பிற செயலிகளை நீக்கத் தூண்டுவது விதிமீறல் என்று ஜூன் தொடக்கத்தில் கூகுள் அதைத் தன் கடையிலிருந்தே நீக்கிவிட்டது. அதே மாதம் 29ஆம் தேதி மத்திய அரசு 59 சீனச் செயலிகளைத் தடைசெய்தது. உண்மையில் அந்தச் செயலி செய்ததை விரல் நுனியால் எவரும் செய்ய முடியும். அதனால் செய்ய முடியாதது ஒன்றுதான்: ஃபோனோடு ஒட்டியே வந்தவற்றைப் பிடுங்குவது.

அது தொழில்நுட்பக் கேள்வி அல்ல, அதிகாரக் கேள்வி. அமெரிக்காவில் 1998இல் தொடங்கிய மைக்ரோசாஃப்ட் வழக்கில் இண்டர்நெட் எக்ஸ்ப்ளோரரை விண்டோஸிலிருந்து பிரிக்கவே முடியாது என்றது நிறுவனம். முடியும் என்று ஒரு நிரல் எழுதிக் காட்டினார் அரசுத் தரப்பு வல்லுநர். சோனியின் நீக்கியைப் பின்னாளில் அம்பலப்படுத்திய அதே எட்வர்ட் ஃபெல்டன்தான் அவர். 'சேர்/நீக்கு' பட்டியலில் எக்ஸ்ப்ளோரரை வராமல் செய்தது போட்டிக்கு எதிரான செயல் என்று 2001 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபர் 20 அன்று கூகுளுக்கு ரூ.1,337.76 கோடி அபராதம் விதித்தபோது, முன்கூட்டியே நிறுவப்பட்ட கூகுள் செயலிகளைப் பயனர் நீக்குவதைத் தடுக்கக் கூடாது என்றும் உத்தரவிட்டது. 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதிசெய்தது. நீக்கும் உரிமை பற்றிய அந்த உத்தரவை ரத்துசெய்தது. ஐரோப்பாவில் 2024 முதல் புதிய சட்டத்தின் பலத்தால் விண்டோஸிலிருந்து 'எட்ஜ்' பிரவுசரை நீக்க முடிகிறது. அதே விண்டோஸ், அதே எட்ஜ், புதுச்சேரியில் அந்தப் பொத்தான் மங்கிக் கிடக்கிறது.

முழுமைக்கு எல்லை

எவ்வளவு நல்ல டூலானாலும் 'முழுமையாக' என்ற வாக்குறுதிக்கு எல்லைகள் உண்டு. எந்த நிரல் எப்போது ஓடியது என்று விண்டோஸ் தனக்கென்று தனிக் குறிப்புகள் வைத்திருக்கிறது. வேகமாகத் திறப்பதற்காக எழுதும் 'ப்ரீஃபெட்ச்' கோப்புகள் அவற்றில் ஒன்று. சைபர் தடயவியல் வல்லுநர்கள், எப்போதோ நீக்கப்பட்ட மென்பொருளின் நடமாட்டத்தை இவற்றிலிருந்தே தேடி எடுக்கிறார்கள். அழித்த கோப்பும் அந்தக் கணமே அழிவதில்லை. இந்த இடம் காலி என்று குறிக்கப்படுகிறது, மேலே வேறொன்று எழுதப்படும்வரை உள்ளே பழையது இருக்கும். எஸ்எஸ்டி டிரைவ்களில் அது சீக்கிரமே துடைக்கப்படுவதால் மீட்பதும் கடினம்.

அதைவிடப் பெரிய எல்லை, உங்கள் மேசைக்கு வெளியே இருக்கிறது. இன்றைய மென்பொருள்களில் பாதி உடல் இணையத்தில்தான். செயலியை நீக்கினாலும் கணக்கு இருக்கும், அதில் ஏற்றிய தொடர்பு எண்கள், இருப்பிடப் பதிவுகள், ஆவணங்கள் எல்லாம் நிறுவனத்தின் சர்வரில் இருக்கும், மாதச் சந்தாவும் வங்கியிலிருந்து போய்க்கொண்டே இருக்கும். இதற்கு எந்த அன்இன்ஸ்டாலரும் உதவாது. கணக்கை அழிக்கும் வேண்டுகோளைத் தனியாகக் கொடுக்க வேண்டும். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தன் தரவை அழிக்கச் சொல்லும் உரிமையைக் குடிமக்களுக்குத் தருகிறது. 2025 நவம்பரில் விதிகள் வெளியாகி அது கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வருகிறது.

ஆகவே டூலைத் தேடுவதற்குச் சரியான நேரம் நீக்கும் நாள் அல்ல, நிறுவும் நாள். நுழைந்ததை எழுதி வைத்தவரால்தான் திரும்பப் பெற முடியும். எழுதாததை எந்த டூலும் ஊகிக்கத்தான் செய்யும். புதிய மென்பொருளை இறக்குவதற்கு முன் மூன்று விஷயங்களைப் பாருங்கள். நிறுவாமலே ஓடும் போர்ட்டபிள் பதிப்போ ஸ்டோர் பதிப்போ இருக்கிறதா? உதவிப் பக்கத்தில் நீக்கும் முறை எழுதப்பட்டிருக்கிறதா? கணக்குத் திறக்காமல் பயன்படுத்த முடியுமா? மூன்றுக்கும் 'இல்லை' என்றால், அது எவ்வளவு நல்ல மென்பொருளாக இருந்தாலும் அதன் இடத்துக்கு இன்னொன்றைத் தேடிப் பார்ப்பது, பிறகு டூல் தேடுவதைவிடக் குறைந்த வேலை.